ஏரிக்குள் எண் போட்ட மரங்கள்

பொன்னாடை போர்த்த வந்த பொது மேலாளரின் கையைப் பாதியில் நிறுத்தி, "இது என்ன விலை சார்?" என்று மேடம் கேட்டதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் உருக்காலையின் கூட்ட அறை அது. போட்டோ எடுக்கிறவர் கேமராவைத் தூக்கியபடி நின்றார். மேலாளர் சிரித்து மழுப்பினார். விலை அவருக்கு எப்படித் தெரியும்? கடைக்குப் போய் வாங்கிவந்தவள் நான். சொன்னேன். மேடம் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தக் காசுக்கு ஒரு ஏரியில் ஒரு நாள் காவலுக்கு ஆள் போடலாம் என்று சொல்லி, மடித்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதே அவரைப் பிடிக்காமல் போயிற்று. பொன்னாடையை வேண்டாம் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. சின்னதை வேண்டாம் என்கிறவர் பெரிதாக எதற்கோ அடி போடுகிறார் என்பது நான் கண்ட உண்மை.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பறவைகளைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆனால் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் வெறும் மேடம். கார் அனுப்புகிறோம் என்றால் கேட்கமாட்டார். மின்சார ரயிலில் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு ஆலை கேட்டுக்கு வந்து சேருவார். கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை ஒன்று எப்போதும் இருக்கும். லாபத்தில் நல்ல காரியத்துக்கென்று ஒதுக்கியாக வேண்டிய பங்கிலிருந்து எங்கள் பேட்டையின் சில ஆலைகள் சேர்ந்து ஒரு தொகையை எடுத்து, சுற்றுவட்டாரத்துப் பறவை விலங்குகளைக் காப்பாற்றச் செலவழிப்பது என்று முடிவு செய்திருந்தன. எதைக் காப்பது, எங்கே காப்பது, எதை விட்டுவிடுவது என்று சொல்லத்தான் மேடம் வந்தார். நான் கணக்குப் பிரிவில் பில் பார்க்கிறவள். பொன்னேரிப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், ஊர் வழி தெரியும் என்பதற்காக அவரோடு போகச் சொன்னார்கள். யாரிடம் என்ன பேசுகிறார் என்று பார்த்து வந்து சொல்லும்படி மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொல்லியிருந்தார். ஆக, அவரைச் சந்தேகப்படுவதற்கே எனக்குச் சம்பளம். சும்மா விட்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எங்கள் வீட்டில் சந்தேகம் தாய்ப்பாலோடு வருவது. அதிலும் என் பெரியப்பாவை மிஞ்ச ஆளில்லை. மளிகைக் கடையில் வாங்கிய சர்க்கரையை அடுத்த கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார் என்பதற்காக, பல் அவருடையதுதானா என்று விசாரிக்க ஆள் அனுப்பினார். ஆனால் அந்தச் சந்தேகம் வெறும் குணம் இல்லை, அனுபவம். எங்கள் ஊர்க் கிழக்குப் பக்கத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது முதலில் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். நல்ல மனிதர், மோரே கொடுத்தார்களாம். பிறகு அளக்க வந்தார்கள், பிறகு கல் நட்டுச் சிவப்பு வண்ணம் பூசினார்கள், அப்புறம் நிலம் போயிற்று. அன்றிலிருந்து குடை பிடித்து வருகிறவருக்கு எங்கள் ஊரில் தண்ணீர்கூட யோசித்துத்தான் கிடைக்கும். பெரியப்பாதான் ஏரிப் பாசனக்காரர்களுக்குத் தலைவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மேலாளரிடம் ஏற்கெனவே ஒரு திட்டம் தயாராக இருந்தது. பழவேற்காட்டில் பூநாரைகளைப் பார்க்க ஒரு கோபுரம், அடியில் ஆலைகளின் பெயர் பொறித்த கல், திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டார்கள். மேடம் படத்தைப் பார்த்துவிட்டு, இதில் ஏறப்போவது பூநாரையா மனிதரா என்று கேட்டார். மனிதர்தான் என்றார்கள். அப்படியென்றால் இது சுற்றுலாக் காசு, காட்டுயிர்க் காசு இல்லை என்றார். பூநாரை நம் பணத்தை நம்பி வரவில்லை. அவ்வளவு பெரிய ஏரிக்கு வருகிற கேட்டை நம் பணத்தால் தடுத்துவிடவும் முடியாது. நாம் போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். நாம் போட்டால் பிழைக்கும், போடாவிட்டால் போய்விடும் என்கிற இடம் எங்கோ இருக்கும், அதைத் தேடிப் போட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அத்தனை அழகான பறவையை வேண்டாம் என்று சொல்லவா ஒரு படித்த அம்மாளைக் கூப்பிட்டோம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அவரோடு ஏரி ஏரியாக அலைந்தேன். எங்கே போனாலும் அவர் பார்ப்பது ஒரே மாதிரிதான். விட்டுவிட்டால் இது என்ன ஆகும், தொட்டால் என்ன ஆகும், தொடுவதற்கு என்ன செலவு? பறவை அழகா, அபூர்வமா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதற்குப் பதில் சீர்வரிசை பார்க்கிற வீட்டார் மாதிரி இருந்தது எனக்கு. சொல்லியும் விட்டேன். அவர் கோபப்படவில்லை. "கையில இருக்கற காசு கொஞ்சம்மா. எல்லாத்தையும் காப்பாத்தறேன்னு சொல்றவங்க எதையும் காப்பாத்த மாட்டாங்க" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற பேச்சைத்தான் இன்னும் ஒரு தடவை உரசிப் பார்க்க வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்சி, என் கட்சியும் அதுதான்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு குட்டை உண்டு. அதில் கொஞ்சம் ஆமைகள் மிச்சமிருந்தன. பக்கத்து ஆலையின் வாட்ச்மேன் மத்தியானம் பொரி போட்டால் தலையை நீட்டிக்கொண்டு கரைக்கு வரும். தண்ணீர் ஒரு நாள் பழுப்பாக இருக்கும், ஒரு நாள் வேறு நிறமாக இருக்கும், நாற்றம் மட்டும் மாறாது. மேடம் அங்கே வெகுநேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஆமையைப் பார்த்துக் கண் கலங்கியதையும் நான் பார்த்தேன். பிறகு எழுந்து, இதற்கு நம்மால் முடியாது, விட்டுவிடலாம் என்றார். வாட்ச்மேன் முகம் செத்துப்போயிற்று. எனக்கோ மண்டைக்குள் மணி அடித்தது. குட்டைக்கு வருகிற கழிவு யாருடையது? பணம் போடுகிற ஆலைகளில் ஒன்றுடையதாக இருந்தால்? குட்டையைத் தொடாதே என்று அவர்களே சொல்லிக் கூட்டிவந்திருந்தால்? திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவிலேயே கேட்டுவிட்டேன். கழிவை நிறுத்த வைப்பது சட்டத்தின் வேலை, அதற்குப் புகார் கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்கிறேன், ஆனால் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ய இந்தப் பணத்தைக் கொட்டினால் ஊற்றுகிறவன் பேரில் புண்ணியம் ஏறும், ஆமையும் பிழைக்காது என்றார். புகார் கொடுத்தாரா? கொடுத்ததாகச் சொன்னார். குட்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதென்று தாண்டவும் முடியாமல் அந்தச் சந்தேகம் இன்றுவரை என்னிடம் கிடக்கிறது.

கடைசியில் அவர் முதலிடம் கொடுத்தது எங்கள் ஊர் ஏரிக்கு. ஏரிக்குள் கருவேல மரங்கள் தண்ணீரில் நிற்கும். மழை முடிந்ததும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வந்து அவற்றில் கூடு கட்டும். எங்களுக்கு அது காக்கா குருவி மாதிரி, வரும், போகும். எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் பயிருக்கு யூரியா குறைவாகப் போட்டால் போதும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்த பெருமை. சிக்கல் கோடையில் வரும். ஏரி மீனை வருஷா வருஷம் குத்தகைக்கு விடுவோம். எடுத்தவர் மீனை வாரிக்கொள்வதற்காக மதகைத் திறந்து கடைசித் தண்ணீரை வடித்துவிடுவார். மரத்தடி காய்ந்ததும் நாய் வரும், கவணோடு ஆள் வருவான், தாய்ப் பறவைகள் மிரண்டு போய்விடும், பறக்கத் தெரியாத குஞ்சுகள் கூட்டிலேயே வெந்து சாகும். நாங்கள் வருஷா வருஷம் பார்த்த காட்சிதான், ஆனால் மதகையும் குஞ்சையும் சேர்த்து யாரும் யோசித்ததில்லை. மேடம் யோசித்தார். குஞ்சு பறக்கும் வரைக்கும் முழங்கால் தண்ணீரை விட்டுவைக்கக் குத்தகைக்காரருக்கு நஷ்ட ஈடு கொடுத்தால் போதும். பூநாரைக் கோபுரத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகிற செலவைவிட அது குறைவு. அத்தனை ஏரிகளில் இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு குஞ்சு பிழைக்கிற இடம் வேறு இல்லை என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆபீசில் அன்று மத்தியானமே பேச ஆரம்பித்துவிட்டார்கள், கூடவே சுற்றி சொந்த ஊருக்கு வாங்கிக்கொண்டாள் பார் என்று. என்னைக் குளிர்விக்கத்தான் மேடம் இப்படிச் செய்தாரோ என்று எனக்கே ஒரு யோசனை. கேட்டேன். உங்கள் ஊர் எது என்றே எனக்கு ஞாபகம் இல்லையே என்றார். நடிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை.

பெரியப்பாவிடம் விஷயத்தைக் கொண்டுபோனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல மெல்வது நின்றுவிட்டது. "தண்ணி சும்மா நிக்கறதுக்கு எவனாவது டப்பு குடுப்பானா பாப்பா? ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதையா இல்ல கீது" என்றார். கம்பெனிக்காரனுக்கு நாரை மேல் என்ன திடீர் பாசம் என்பது அவர் கேள்வி. முதலில் தண்ணீரை நிறுத்தச் சொல்வான், அடுத்து பறவை இருக்கிறது ஏரியைத் தொடாதே என்பான், அதற்கடுத்து ஏரியை ஒட்டிய நிலத்தை விற்கவும் கூடாது கட்டவும் கூடாது என்பான், கடைசியில் அவனே வேலி போட்டு உட்கார்ந்துகொள்வான். இதைச் சொன்னபோது அவர் பைத்தியக்காரத்தனமாகப் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. நடந்ததைத்தானே சொல்கிறார்? மேடமே நேரில் வந்து ஊர்க் கூட்டத்தில் விளக்கினார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள், சரி என்றார்கள். மேடம் சந்தோஷமாகக் கிளம்பினார். எங்கள் ஊர் 'சரி'க்கு 'நீ கிளம்பு' என்றுதான் அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. அவர் சுருக்கி வைத்திருந்த குடையையே பெரியப்பா கூட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் முடிந்து பறவைகள் முட்டையில் உட்கார்ந்த நேரம். எந்த மரத்தில் எத்தனை கூடு, அதில் எத்தனை குஞ்சு தேறுகிறது என்று தெரிந்தால்தான் போட்ட காசுக்குப் பலன் உண்டா என்று சொல்ல முடியும். அதற்காக மேடம் ஒரு பரிசல்காரரைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குள் போய், கூடு உள்ள மரம் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட்டால் எண் எழுதிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அன்று ஆபீசில் ஆடிட் வேலை. அவர் எண் போடப்போவது எனக்குத் தெரியாது, எண் போட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் மரத்தில் எண் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அது ஏலம் போய்விட்டது. ஏரிக் கருவேலத்தை வெட்டுக்கு விடும் முன் எண் போடுவார்கள். நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோதும் புளிய மரங்களில் முதலில் விழுந்தது எண்தான். எண் போட்ட மரம் அடுத்த வருஷம் நின்றதாக எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. வெளியூர்க்காரன் எவனாவது கமுக்கமாக ஏலம் எடுத்துவிட்டால், அவன் ஆள் ரம்பத்தோடு வருவதற்குள் ஊர் முந்திக்கொள்ளும். தானே வெட்டி, விறகை வீட்டுக்கு வீடு பங்கு போட்டுவிடும். ஊர்ச் சொத்து ஊருக்கே என்பது அதற்குச் சொல்கிற நியாயம். பெரியப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் கம்பெனிச் சோறு தின்கிறவள், என்னிடம் கேட்டால் கம்பெனி உஷாராகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமுக்கு அடித்து, ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, எண் போட்ட மரம் ஒன்று விடாமல் சாய்த்துவிட்டார்கள். எண் இல்லாத மரங்களை ஒருவரும் தொடவில்லை. அவற்றில் கூடும் இல்லை, கூடு தாங்குகிற வளர்த்தியும் இல்லை.

செய்தி கேட்டு மேடமும் நானும் போய்ச் சேர்ந்தபோது கரையில் விறகு குவிந்திருந்தது. அதைக்கூடப் பார்த்துவிட்டேன், பக்கத்தில் இருந்ததைத்தான் பார்க்க முடியவில்லை. மரம் சாயும் முன் ஆண்கள் கூடுகளை முட்டையோடு எடுத்துக் கொடுக்க, பெண்கள் அவற்றைக் கரைமேல் பனைமர நிழலில் வரிசையாக வைத்திருந்தார்கள். அடைக்கோழிக்குச் செய்கிற மாதிரி அடியில் வைக்கோல்கூடப் பரப்பியிருந்தார்கள். அம்மா வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்திருக்கிறார்கள். எந்த அம்மாவும் வரவில்லை. நாரைகள் மரம் நின்ற இடத்துக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தன. ஒருவர் மனசிலும் கெட்ட எண்ணம் இல்லை என்பதை அந்த வைக்கோலைப் பார்த்தால் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர்கள் மேல் ஆத்திரமும் வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது இதுதான்.

யார் வெட்டச் சொன்னது என்று மட்டும் மேடம் கேட்டார். பெரியப்பா முன்னால் வந்து நின்றார்.

"நாந்தான். நம்பரு போட்டுகினு போனா நாங்க சும்மா பாத்துகினு இருப்பமா? எவனோ வெட்டிகினு போறத நாங்களே வெட்டிகினோம்."

"அது கூடு எண்றதுக்குப் போட்ட நம்பர்ங்க அய்யா."

பெரியப்பா விறகுக் குவியலைத் திரும்பிப் பார்த்தார். "கூடு எண்ணவா" என்றார், கேள்வியாகக்கூட இல்லை. மேடம் கரையில் உட்கார்ந்து ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். இங்கே எண் போட்டால் என்ன அர்த்தம் என்று விசாரிக்காமல் போட்டது என் தப்பு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதோடு சரி. திட்டவில்லை, சாபம் விடவில்லை. திட்டியிருந்தால் ஊருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவர் எங்கள் ஏரியை முதலிடத்திலிருந்து எடுத்துவிட்டார். கீழே இறக்கவில்லை, மொத்தமாக எடுத்துவிட்டார். கூடு இல்லாத ஏரியில் தண்ணீரை நிறுத்த எதற்குக் காசு என்பது அவர் கேள்வி. மேலாளர் இதற்குள் கோபுரத்துப் படத்தை மறுபடி விரித்துவிட்டார். அதற்கும் மேடம் மசியவில்லை. திருவள்ளூரைத் தாண்டி பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஒரு ஏரியில் இதே சங்கடம் இருக்கிறது, பணம் அங்கே போகட்டும் என்று பிடிவாதமாக நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் செய்துவிட்ட ஊர் மேல் ஒரு இரக்கம் வேண்டாமா? பழி வாங்குகிறாரா? இல்லை, முதலிலிருந்தே அந்த ஏரிதான் அவர் மனசில் இருந்ததா? அங்கே அவருக்கு யாராவது சொந்தம் இருக்கிறார்களா என்றுகூட நான் விசாரித்துப் பார்த்தேன். யாரும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் பெரியப்பா ஆலைக்கு வந்தார். நிலம் போன நாளிலிருந்து தொழிற்பேட்டைக்குள் காலை வைக்கமாட்டேன் என்று இருந்தவர், டவுன் பஸ் ஏறி கேட்டில் வந்து நின்றார். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மேடமே வெளியே போனார், பின்னால் நான். பெரியப்பா பெஞ்சைவிட்டு எழுந்து நின்று பேசினார். அவர் யாரிடமும் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"ஊர்ல எல்லாரும் பேஜாராயிட்டாங்கம்மா. பொம்பளைங்க அந்த முட்டைய எடுத்துப் போடமாட்டேன்னு வச்சிகினு கீறாங்க. நாங்க மரம் நட்டுக் குடுக்கறோம். தண்ணிய வுடமாட்டோம், குத்தகைக்காரன நான் பாத்துக்கறேன். எங்க ஏரியத் திருப்பி சேத்துக்குங்க."

"முடியாதுங்க அய்யா. நட்ட மரம் கூடு தாங்க வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் இந்தக் காசு அங்க சும்மா நிக்கும். வேற ஏரில போட்டா இந்தக் கோடையிலயே குஞ்சு பறக்கும். உங்க மனசு ஆறணும்னு அந்தக் குஞ்சுங்கள விட முடியாது."

"அப்ப முடியாதுன்றீங்க."

"முடியாது. மரம் நடுங்க, எங்க நடணும்னு வந்து காட்டறேன். காசு கிடையாது."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வயசான மனிதர் பஸ் ஏறி வந்து கெஞ்சுகிறார், பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த அம்மாளுக்கு என்ன குறைந்துவிடும்? மேடம் டீக்குக் காசு கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியப்பா டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தால், ரொம்ப நாள் கழித்து நல்ல தராசைக் கண்ட மாதிரி இருந்தது. "இந்தம்மா ஏமாத்தறவங்க இல்ல பாப்பா" என்றார். "நெலத்துக்கு வந்தவன் எல்லாம் ஆவட்டும், பண்லாம், பாக்கலாம்னான். ஒருத்தனும் முடியாதுன்னு சொல்லல. ஏமாத்தறவன் வாயில முடியாதுன்னு வராது." பிறகு அந்த இன்னொரு ஏரி எங்கே இருக்கிறது, எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

பொதட்டூர்பேட்டைப் பக்கத்து ஊரில் கூட்டம் எங்கள் ஊர்க் கூட்டத்தின் மறுபதிப்பாக இருந்தது. மேடம் எண்ணைப் பற்றியே முதலில் பேசினார், எங்கள் ஊரில் பட்டது போதும் என்று. அவர்களும் தலையாட்டினார்கள், டீ கொடுத்தார்கள், சரி என்றார்கள். அது எங்கள் ஊர்ச் சரியேதான். அப்போதுதான் கடைசி வரிசையில் பெரியப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. மேடம்தான் ரகசியமாக வரவழைத்தாரோ என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு எனக்கு வந்தது, பிறவிக் குணம் போகுமா? பெரியப்பா எழுந்தார். தான் எந்த ஊர் என்று சொன்னார். எண்ணைப் பார்த்து மரத்தை வெட்டியதைச் சொன்னார், வைக்கோல் பரப்பியதைச் சொன்னார். கூட்டத்தில் ஒரு பெரியவர், "நீ கம்பெனி ஆளா நைனா? இன்னா குடுத்தாங்க உனுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஊராக இருந்தால் நான் கேட்டிருப்பேன்.

"ஒரு பைசா குடுக்கல" என்றார் பெரியப்பா. "நானே போயி நின்னு கேட்டேன். மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னாங்க. அதான் சொல்றேன், நம்புங்க. அந்த நம்பரு கூடு எண்றதுக்குத்தான். எங்க ஊர்ல எண்றதுக்கு ஒண்ணுமில்ல."

அப்புறம் யாரும் சரி என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். நிலம் விற்கத் தடை வருமா, மீன் எடை குறைந்தால் யார் பொறுப்பு, அடுத்த வருஷமும் கொடுப்பீர்களா என்று இருட்டும்வரை மேடத்தைப் போட்டுக் குடைந்தார்கள். தெரிந்ததற்குப் பதில் சொன்னார், தெரியாததற்குத் தெரியாது என்றார். மறுநாள் எண் போட்டபோது அந்த ஊர் ஆட்களே பரிசல் தள்ளினார்கள். அந்தக் கோடையில் அங்கே மதகு திறக்கவில்லை.

இது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. மேலாளர் வேறு பணத்தில் பழவேற்காட்டில் கோபுரத்தைக் கட்டியே விட்டார், நானும் ஏறிப் பார்த்தேன், காட்சி பிரமாதம். எங்கள் ஏரியில் நட்ட கன்றுகள் பெரியப்பா உயரம் வந்திருக்கின்றன. ஆடு கடிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் முள் கட்டி, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நாரைகள் மார்கழியில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு ஏரிக்குப் போய்விடுகின்றன. இத்தனைக்கும் மேடம் செய்தது சரியா என்று யாராவது கேட்டால் நான் இன்னும் உடனே தலையாட்டமாட்டேன். அந்தக் காசில் கொஞ்சம் எங்களுக்கும் கிள்ளிக் கொடுத்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. கொடுத்திருந்தால் அன்றைக்குப் பெரியப்பா அந்தக் கூட்டத்தில் எழுந்து என்ன சொல்லியிருக்க முடியும் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கோடை முடியும்போது பொதட்டூர்பேட்டைப் பக்கத்து ஏரியில் கடைசிக் குஞ்சும் பறந்துவிட்டதா என்று மேடம் போன் செய்து சொல்வார். இந்த வருஷமும் சொன்னார். நான் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். நான் ஹலோ சொல்லும் முன்பே, "இன்னா, பறந்துச்சா?" என்றார்.

"எல்லாம் பறந்துடுச்சாம் பெரிப்பா."

"நீ கண்ணால பாத்தியா, அந்தம்மா சொன்னாங்களா?"

"மேடம்தான் சொன்னாங்க."

சர்க்கரையை இரண்டு தராசில் நிறுக்கிற மனிதர் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அப்ப நெசந்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்குத்தான், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று இருக்கிறது.